கிழக்கு மூலைக்கு அடிக்காத தாள்

பச்சைமுத்து, பங்களாக்களின் ஓட்டுக்கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் அடிக்கும் கூலியாள். மேலிருந்து இறங்கும் வெப்பத்தை அந்தப் பளபளப்பு திருப்பி அனுப்பிவிடும். கீழே அறைகள் குளிர்ந்திருக்கும். 1958 கோடையில் ஒரு மில் முதலாளி தன் மோட்டார் கொட்டகைக்கும் அதை அடிக்கச் சொன்னார். காருக்குச் சூடு ஆகாதாம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பச்சைமுத்துவின் ஒற்றை அறைக்கு மேலே வெறும் தகரம். அதன் கீழே வெந்தவர்கள் மனிதர்கள்தானே!

வெட்டி எறிந்த துண்டுகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தார். தகரத்தோடு ஒட்டாமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு, மரச்சட்டத்தில் ஆணியடித்தார். பாதி அறை முடிந்தது. அந்தப் பாதியில் நின்றால் தலைக்கு மேல் எரிந்த அடுப்பு அணைந்த மாதிரி இருந்தது.

"இன்னா தம்பி, ஊட்டுக்கே சிகரெட் பொட்டித் தாள் ஒட்றியா?" பக்கத்து வீட்டு வள்ளியம்மா சிரித்தாள்.

அந்த வாரமே நாலு வயது மகள் சின்னத்தாயிக்கு அம்மை போட்டது. மனைவி எல்லம்மா, சாமி படம் இருந்த கிழக்கு மூலையில் வேப்பிலை பரப்பிக் குழந்தையைக் கிடத்தினாள். அது தாள் அடிக்காத பாதி.

"பாயை அந்தப் பக்கம் இழுத்துப் போடு எல்லம்மா. இங்க நெருப்பா கொட்டுது."

"எறங்கின எடத்த மாத்தினா ஆத்தா கோச்சுக்குவாய்யா."

"அப்ப இங்கயே தாள அடிச்சுடறேன். இல்ல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்."

"ஆத்தா இருக்கற ஊட்ல சுத்தியல் சத்தமா?" வாசலிலிருந்தே வள்ளியம்மா அதட்டினாள். "ஆஸ்பத்திரியாம்! உலகத்தையே எரிக்கறவளுக்கு நீ ஊசி போடுவியா?"

எல்லம்மா பாயை மறித்து உட்கார்ந்துகொண்டாள். பச்சைமுத்து சுத்தியலைக் கீழே வைத்தார்.

பங்களாவில் அம்மை கண்டால் டாக்டர் வருகிறார், மின்விசிறி சுழல்கிறது. ஏழை வீட்டுக்கு மட்டும் தெய்வம் வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் தகரம் படபடவென்று விரிந்து சத்தமிட்டுக்கொண்டிருந்தது. குழந்தை தண்ணீர் கேட்பதை நிறுத்தியது.

காரியம் முடிந்தபின் மீதிப் பாதிக்கும் பச்சைமுத்து தாள் அடித்தார். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லம்மா கிழக்கு மூலையில் போய் உட்கார்ந்தாள். கையை மேலே நீட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ குளுமையாவா இருந்திருக்கும்?"

அவள் எழுந்து போய்த் தெருவில் வெயிலில் உட்கார்ந்தாள். அந்தக் கோடை முழுவதும் பகலில் அவள் வீட்டுக்குள் வரவே இல்லை.