பெயர் சொல்லத் தேவையில்லை

குழந்தையின் இருமலைப் பற்றி, அதன் அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே புகார் சொல்வது தாயின் கடமையா, குடும்பத்துக்குச் செய்யும் துரோகமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டியில், என் கணவர் வேலை செய்யும் இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்தெருவில் குடியிருக்கிறோம். நடந்தே வேலைக்குப் போகலாம் என்று பெருமையாகப் பிடித்த வீடு. மொட்டை மாடியில் காயும் பாப்பாவின் சட்டைகளுக்குக் கரிப்பூச்சு இலவசம். அவளுக்கு மூன்று வயதுதான்; இருமல் மட்டும் பழைய பீடிக்காரருடையது. நல்ல காற்றில் வையுங்கள் என்றார் டாக்டர். அது எந்த மருந்துக்கடையில் கிடைக்கும் என்று எழுதித் தரவில்லை.

அப்போதுதான் ஆலை வாசலில் பெரிய போர்டு வைத்தார்கள். புகை, தூசி பற்றிச் சொல்லக் கட்டணமில்லாத் தொலைபேசி எண். பெயர் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு பெருந்தன்மை! நான் பட்டதாரி, அதனால் முழுவதுமாக நம்பினேன். கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. இந்த முறை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. ஆகவே மிகுந்த எச்சரிக்கையோடு, குரலைக்கூடக் கட்டையாக்கிக்கொண்டு பேசினேன். பாப்பா பின்னாலிருந்து இருமி ஒத்துழைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாடி பண்ணி வச்சிக்கிற? ஆபீஸ்ல கூப்ட்டு, 'இன்னாபா, உன் ஊட்டம்மாவுக்கு நம்ம புகை புடிக்கலியாமே'ன்னு சிரிச்சிக்கினு கேக்குறாங்க."

"நான் பேரே சொல்லலியே! வேணாம்னுதானே போர்டுல போட்டிருக்காங்க?"

"பேருதான் வேணாம்னாங்க. நம்பர் வேணாம்னாங்களா? அந்த போன் காலுக்கு துட்டு அவங்கதான் கட்றாங்க. எந்தெந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு மொத்தமா வந்துருது."

"வரட்டுமே. அது என் நம்பர்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரத்துக்கென்று வீட்டு எண் ஒன்றை ஆபீசில் கேட்டபோது, என் எண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்து எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

"வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?" என்றேன்.

"இப்போதைக்கு இல்ல. 'பாத்து நடந்துக்கோ'ன்னாங்க. நீ பாத்துக்கோ."

கம்பெனியும் என்னைப் பார்த்துக்கொள்கிறது. தினமும் பதிவுசெய்த குரல் ஒன்று என்னை அழைக்கிறது. என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாம். திருப்தி என்றால் ஒன்றை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இரண்டை. புகை கொஞ்சமும் குறையவில்லை. ஒன்றை அழுத்தினால் கம்பெனிக் கணக்கில் பாப்பாவின் இருமல் குணமாகிவிடும். இரண்டை அழுத்தினால் அவர் மறுபடி ஆபீசில் போய் நிற்க வேண்டும். வீடு மாறலாம் என்றால், இந்த வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் ஏதோ ஓர் ஆலையின் பின்தெருதான்.

இதுவரை எதையும் அழுத்தாமல் வைத்துவிடுகிறேன். நாளையும் அழைப்பு வரும். என் இடத்தில் இருந்தால் நீங்கள் எதை அழுத்துவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். போனில் மட்டும் வேண்டாம்.