எரிந்தது எந்த நிறம்?

மேலே பூக்கிற ஒவ்வொரு நிறத்துக்கும் கீழே ஒரு உப்பு இருக்கிறது. அந்த உப்பைப் பிசைகிற கை எங்களுடையது. பேரையூர்ப் பக்கம் ஒரு பேன்சி வெடி ஆலையில் நான் மருந்து மணி பிடிக்கிறேன், அதாவது வானத்தில் நிறமாக எரிகிற மருந்தை உருண்டை உருண்டையாக உருட்டுகிறேன். பள்ளிக்கூடத்தில் உப்பு என்றால் கறியுப்பு என்றுதான் எழுதினேன், மார்க்கும் போட்டார்கள். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, ஸ்ட்ரான்சியம் உப்பு எரிந்தால் சிவப்பு, செம்பு உப்பு எரிந்தால் நீலம். பச்சையாக எரிகிற பேரியம் உப்புக்குக் கோர்ட்டில் தடை. விடியக்காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு வேன் பிடிக்க ஓடுகிற எல்லாருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

சாம்பார் நீலம்

நிறங்களில் மஞ்சள் ஒரு அடங்காப்பிடாரி. கறியுப்பில் இருக்கிற சோடியம் துளி கலந்தாலும் போதும், மற்ற நிறத்தை அமுக்கிவிட்டு மஞ்சள் முன்னால் வந்து நிற்கும். ஊறுகாய் தொட்ட கையோடு யாரும் நீல மருந்தைத் தொடக்கூடாது. ஒருநாள் கேன் தண்ணீர் வரவில்லை. நானும், என் பக்கத்தில் உட்கார்ந்து மணி பிடிக்கிற பாண்டிச்செல்வியும் போர்க் குழாய்த் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்து மணி பிடித்துவிட்டோம். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் எம்புட்டு உப்பு என்று அதில் போட்ட டீயைக் குடித்தவர்களிடம் கேளுங்கள்.

மதுரையிலிருந்து வந்த வாணவேடிக்கை கான்ட்ராக்டர், பொழுது சாய்ந்ததும் ஒன்றை விட்டுப் பார்த்தார். அண்ணாந்த முகத்தை இறக்காமலே சொன்னார்: "ஏம்மா, நான் நீலம் கேட்டேன். நீங்க சாம்பாரு வச்சிருக்கீக."

பதம்

நீலம் கோபக்காரியும்கூட. சூடு கூடினால் வெளுத்துப்போகும், குறைந்தால் பற்றாது. அந்தப் பதம் தெரிந்தவர் ராமர் அண்ணன், பாண்டிச்செல்வியின் வீட்டுக்காரர். மருந்து கலக்குவது வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. தனி ரூம், ஒரே ஆள், வெறுங்கால், நூல் துணி. அண்ணன் சல்லடையைக் கையில் எடுத்தால் தூங்குகிற பிள்ளையை மடி மாற்றுகிற மாதிரி இருக்கும். பாண்டிச்செல்விக்கு அதில் பெருமை, ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"வீட்டுல ஒரு சொம்பை வச்சா ஊருக்கே கேக்கும்டி. இந்த நீலச் சிறுக்கிக்கு மட்டும்தான் அம்புட்டுப் பதமும்."

சிவப்பு

ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு நிறம், ஒரு ஆள். நீலத்துக்கு ராமர் அண்ணன், சிவப்புக்கு என் வீட்டுக்காரர். அதனால் அன்றைக்குக் காலையில் வெடிச் சத்தம் கேட்டதும் மணி பிடிக்கிற நாங்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்து முதலில் பார்த்தது நெருப்பின் நிறத்தைத்தான். குங்குமச் சிவப்பு. என் வீட்டுக்காரர் ரூம் என்று ஓடப்போய்த் தடுக்கி விழப்பார்த்தேன். பாண்டிச்செல்விதான் என்னைத் தாங்கி மாரோடு கட்டிக்கொண்டாள். எல்லாரும் என்னைச் சுற்றித்தான் அழுதார்கள்.

அப்போது ஆலை கேட் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். லாரியில் மூட்டை இறக்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீலத்தை முடித்துவிட்டுச் சும்மா நின்ற ராமர் அண்ணன், மிச்சச் சிவப்பைத் தானே சலிப்பதாகச் சொல்லி உள்ளே போயிருக்கிறார். அது எங்கள் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் என்னைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பாண்டிச்செல்வி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அண்ணே, அப்ப உள்ள யாரு?"

கேன் தண்ணீர்

ராமர் அண்ணனின் காரியம் முடிந்து சில வாரத்தில் பாண்டிச்செல்வி வேலைக்கு வந்துவிட்டாள். வராமல்? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதே. என் பக்கத்தில்தான் உட்கார்வாள், ஆனால் என்னிடம் பேச்சு இல்லை. எனக்கு வாய் ஓயாது, எல்லாரையும் சிரிக்கவைப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நின்றுவிடும். ஒருநாள் நீல மணி உருட்டும்போது அவள் கண்ணீர் தட்டில் விழுந்தது. போர்மேன் பார்த்துவிட்டார். கண்ணீரும் உப்புத்தானே, திட்டப்போகிறார் என்று பயந்தேன். கேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தார்.

"வெளிய போயி நல்லா அழுதுட்டு, முகத்தைக் கழுவிட்டு வா தாயி. அந்தத் தட்டை நான் ஓரமா வச்சுக்கிடுறேன்."

மாட்டுத்தாவணி

மதுரைச் செல்லூரில் அவள் அக்கா வீடு. தறி வேலைக்கு அங்கேயே போகிறாள் என்று கேள்விப்பட்டு, வழியனுப்ப நானும் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே போனேன். இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத் தாங்கவில்லை. "எம் புருசன் பொழச்சது உனக்கு ஆகலன்னா வாய்விட்டு ஏசிரு பாண்டி. இப்படிப் பேசாம போகாத" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். அன்றைக்கு என்னைத் தாங்கின அதே கையால் என் கையைப் பிடித்தாள்.

"ஒம்மேல என்னடி கோவம்? செகப்பைப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. நம்மாளு இல்லன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேதான் ஒன்னையக் கட்டிப்பிடிச்சு அழுதேன். அதை வச்சுக்கிட்டு ஒம் முகத்துல எப்படி முழிக்க?"

திருவிழாவில் வானம் பூத்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும், எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும் பக்கத்தில் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.