வாய்க்கரிசியில் ஓடிய கார்

இதில் நான் கூட்டிச் சொன்னது ஒரு வரிகூட இல்லை. புதுவயல் மெக்கானிக் அருள்பாண்டி தன் மாருதிக்கு எத்தனை லிட்டர் ஊற்றினான், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தேதியும் மணியும் போட்டு நோட்டில் எழுதுகிறவன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். 2024 ஜூன் மாதம். நட்டநடுப் பகல்.

அவன் மனைவி சித்ராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு மணிக்குக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். பஸ்ஸில் போகிற உடம்பில்லை. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று பழைய காரை ஸ்பிரிட்டில் ஓடும்படி மாற்றினான். ஸ்பிரிட் கூடுதலாக இறங்கும்படி கார்பரேட்டர் ஜெட்டைப் பெரிதாகத் துளைத்தான். ரப்பர் குழாய்களை மாற்றினான். ரைஸ்மில்லில் கூட்டித் தள்ளுகிற குருணையைப் புளிக்கவைத்து, பட்டறைக்குப் பின்னால் அவனே ஸ்பிரிட் வடித்தான்.

டீக்கடையில் கேலி பண்ணினார்கள். "ஏண்டா அருளு, ஒங் காரு தள்ளாடாமப் போகுமா?"

"போலீசு ஊதச் சொன்னா சைலன்சரக் காட்டுவேண்ணே."

கார் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு குறை. இஞ்சின் ஆறிக் கிடந்தால் ஸ்பிரிட்டில் பிடிக்காது. ஒரு மூடி பெட்ரோலைக் கார்பரேட்டரில் விட்டால்தான் கிளம்பும்.

ஜூன் முதல் வாரம் குருணை நின்றுபோனது. கோழித்தீவனக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். அப்போதுதான் கண்டனூர்ப் பக்கம் சுடுகாட்டில் வேலை பார்க்கிற முத்துக்கருப்பன் சொன்னார்.

"ஒரு சாக்கு அரிசி கெடக்கு. வேணுமா?"

"ஏதுண்ணே?"

"வாய்க்கரிசி மிச்சம். சித்திரையில மூணு பெரிய வீட்டுச் சாவு. பொணத்துக்குப் போடன்னு கொட்டிக் கொண்டாந்தாக. எப்பவும் வீட்ல ஒலையில போட்ருவோம். இந்த அரிசிய... கோழிகூடக் கொத்த மாட்டேங்குது."

அருள்பாண்டி சிரித்தான். "மனுசனா திங்கப் போறான்? இஞ்சினுதானே."

செத்தது யார் யார் என்று அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. காலை 11.10. அந்த அரிசியில் வடித்த புது ஸ்பிரிட் நாலு லிட்டர் ஊற்றினான். பெட்ரோல் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே, சும்மா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

பெட்ரோல் விடாமலே.

சந்தோஷமாக நோட்டில் குறித்துக்கொண்டான்.

11.19. சைலன்சரிலிருந்து எப்போதும் புளித்த வாடை வரும். அன்று ஈரத்துணி வாடை. கூடவே சந்தனம்.

11.24. கண்டனூர் வேகத்தடை. கார் ஏறி இறங்கியது. கிர்ர்ர்... அடிப்பாகம் உரசியது. காரில் இரண்டே பேர். சித்ரா முப்பத்தெட்டுக் கிலோ.

கண்ணாடியில் பார்த்தான். பின் சீட்டில் அவள் கதவோரம் ஒட்டி, ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஓரத்துல ஒண்டிக்கிட்டு இருக்க? நல்லாச் சாஞ்சு ஒக்காரு."

"எங்குட்டு எடம் இருக்கு?"

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தப் பக்கம் சீட்டு ரெக்சின் அமுங்கியிருந்தது... மூன்று இடத்தில்.

11.27. பின்னாலிருந்து சத்தம்.

நறுக்... நறுக்... நறுக்...

பச்சரிசியை மெல்லுகிற சத்தம்.

காரை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினான். உருவியும் எடுத்துவிட்டான். இஞ்சின் நிற்கவில்லை.

"நிப்பாட்டாதீக," என்றாள் சித்ரா. "அவுக எறங்க மாட்டாக."

ஓட்டினான்.

டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது கார் லேசாக வந்தது. சித்ரா சீட்டு முழுக்கக் காலை நீட்டித் தூங்கினாள். வீட்டில் கேட்டதற்கு, "நானா சொன்னேன்?" என்றாள்.

மிச்சம் பதினோரு லிட்டர் இருந்தது. கொட்டிவிடலாம் என்று கேனைத் தூக்கினான். கீழே வைத்தான். ஜெட்டைப் பெரிதாக்கிய காரில் பெட்ரோல் ஊற்றினால் கரும்புகை கக்கி நின்றுவிடும். செவ்வாய்க்கு ஆட்டோ சொல்லிவைத்தான்.

ஜூன் 18, செவ்வாய். பத்தரைக்கு வரவேண்டிய ஆட்டோ 11.05 வரை வரவில்லை. போன் எடுக்கவில்லை. சித்ராவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

ஊற்றினான்.

ஒரே சுற்று.

11.22. அதே வேகத்தடை. கிர்ர்ர்...

பார்க்கக் கூடாது என்றிருந்தான்.

பார்த்தான்.

சித்ரா ஓரத்தில் இல்லை. சீட்டின் நடுவில் இருந்தாள். இரண்டு பக்கமும் யாரோ நெருக்குவதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு... மூச்சிரைப்பு இல்லை. முகத்தில் சிரிப்பு.

"எடம் குடுத்துட்டாக," என்றாள்.

நறுக்... நறுக்...

இந்தத் தடவை அவள் வாயும் அசைந்தது.

பகல் 1.10. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்ராவின் இதயம் நின்றது. நோட்டில் கடைசியாக இருப்பது அந்த மணிதான். மீதி அவன் வாயால் சொன்னது.

காரியமெல்லாம் முடிந்து, ஜூலையில் சித்ராவின் காகிதங்களை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். நர்ஸ் உமையாள் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணே, தொணைக்கு வந்தவுங்க பேர ரிஜிஸ்டர்ல எழுதணும். அந்த வெள்ளிக்கெழம ஒங்க பேர எழுதப் போனேன். அக்கா தடுத்துட்டாங்க. அவரு வண்டி ஓட்டுறவரு, எங்க வீட்டு ஆளுக இவுகதான்னு மூணு பேரோட பேர எழுதச் சொன்னாங்க. செவ்வாக்கெழமையும் அதே மூணு பேரு. நான் யாரையும் பாக்கலண்ணே."

ரிஜிஸ்டரைக் காட்டினாள். ஏகப்பன். விசாலம். கண்ணம்மை.

கேள்விப்படாத பேர்கள். போனில் படம் எடுத்துக்கொண்டான். அன்று மாலையே முத்துக்கருப்பனிடம் காட்டினான். அவர் ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சித்திரையில நான் எரிச்சேனே... இதே வரிசையிலதாண்டா எரிச்சேன்."