ஒற்றைக் கிழங்கு

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். ஆத்தூருக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவில், தென்னந்தோப்புகளைத் தாண்டினால் ஒரு கரடு உண்டு. இப்போது 'உண்டு' என்று எழுதுவது தப்பு. இருந்தது. மலை என்று சொல்லும்படியான உயரம் இல்லை. வெறும் பாறை, இடுக்குகளில் புல், அங்கங்கே கிளுவைப் புதர், அவ்வளவுதான். அந்த வழியாகப் போகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். செடிகொடிகளைப் படம் எடுப்பது எனக்கு ஒரு பைத்தியம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்று லீவு கிடைத்தால் பூங்கா பூங்காவாகப் போய், கண்ணாடி மாளிகைக்குள் வெளிநாட்டுப் பூக்களை எடுத்துக்கொண்டிருந்தேன். "ஊர் ஊராப் போறியே, நம்ம பக்கம் என்ன முளைக்குதுன்னு என்னைக்காச்சும் பாத்திருக்கியா?" என்று என் கணவர் ஒருநாள் கிண்டலாகக் கேட்டார். கிண்டல்தான், ஆனால் உறைத்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கரடு கரடாக ஏற ஆரம்பித்தோம்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. ஒரு பாறை இடுக்கில் ஈ மொய்ப்பதைப் பார்த்துத்தான் குனிந்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூ. காய்ந்த ரத்தம் மாதிரி நிறம். ஐந்து இதழ்களும் நுனியில் ஒன்றாகச் சேர்ந்து, குட்டிக் கூண்டு போல இருந்தது. லேசாக அழுகல் வாடை வேறு. இவ்வளவு அழகான ஒன்றை அதுவரை எந்தக் கண்ணாடி மாளிகையிலும் நான் பார்த்ததில்லை. ஈரப் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். சேலையெல்லாம் சேறு. என் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் கணவர் தன் போனில் என்னை ஒரு படம் எடுத்தார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதையா இம்புட்டு நேரமாப் படம் புடிக்கிறீங்க? நாங்க சின்னப்புள்ளையில இந்தக் கிழங்கத் தோண்டித் திம்போம்ல. அப்ப அம்புட்டுக் கெடக்கும்."

அன்று தேடியதில் ஏழெட்டுச் செடிதான் கண்ணில் பட்டது.

பூங்காக்களுக்குப் போனதில் எனக்குக் கிடைத்த ஒரு சிநேகம், ஒரு தாவரவியல் பூங்காவில் வேலை பார்க்கும் விஞ்ஞானி. படத்தை அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. குரலில் படபடப்பு. "இதை எங்கேயும் போட்டுடாதீங்க. யார்கிட்டயும் இடத்தைச் சொல்லாதீங்க. இந்த வகை இருக்கான்னே எங்களுக்குச் சந்தேகமா இருந்தது" என்றார். அதனால்தான் செடியின் பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. அடுத்த மழைக்குப் பூக்கும்போது, முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு தானே வந்து விதையும் கிழங்கும் எடுத்துப்போவதாகச் சொன்னார். அதுவரை தொடாமல் விட்டுவிடச் சொன்னார். தைக்குள் இலையெல்லாம் காய்ந்து போகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும் என்று விளக்கினார். நான்கைந்து மாதம் நான் ஏதோ புதையலுக்குக் காவல் இருப்பவள் மாதிரி சந்தோஷமாகத் திரிந்தேன்.

மாசியில் ஆடு மேய்க்கும் அம்மாதான் போன் பண்ணினார். என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். கரட்டைக் கல் உடைக்க யாருக்கோ குத்தகைக்கு விட்டிருக்கிறார்களாம்.

கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், என் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார்.

"மரம் ஏதும் இருக்காம்மா அங்க?"

"மரம் இல்ல சார். செடி."

"இப்பப் போனாப் பாக்கலாமா?"

"இப்ப இருக்காது சார். கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும். மழை பெய்ஞ்சாத்தான்…"

சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. இல்லாத ஒன்றுக்காகக் கல் உடைப்பதை நிறுத்தச் சொல்கிற பைத்தியக்காரி போல எனக்கே தோன்றியது. மேலே எழுதுகிறேன் என்றார் அவர். எழுதியிருக்கவும் கூடும். விஞ்ஞானியும் தன் பங்குக்கு எழுதினார். எந்தப் பதிலும் வருவதற்கு முன்னால் பங்குனி வந்துவிட்டது.

"டீச்சர், மிசின் ஏறிருச்சு" என்றார் அந்த அம்மா போனில்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். வழியிலேயே விஞ்ஞானியிடம் பேசினேன். "இனி அனுமதிக்குக் காத்திருந்தா ஒண்ணும் மிஞ்சாது. கிடைக்கிறதை எடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். கரட்டின் ஒரு பக்கம் ஏற்கெனவே வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. பாறை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் மகன். எனக்கு அதுவரை தெரியாது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"திருப்பூர்ல கெடந்தான் டீச்சர், ஆறு வருசமா. இப்பத்தான் வீட்டுச் சோறு திங்கிறான்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பையனுக்கு முப்பது வயது இருக்கும். அம்மா போய் ஏதோ சொன்னதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "செத்த நேரம்தான்க்கா. மேஸ்திரி சாப்பிட்டு வந்துட்டா ஏசுவாரு. வெரசாப் பாருங்க" என்றான்.

எங்கே என்று பார்ப்பது? இலை இல்லை, தண்டு இல்லை. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி வெந்து கிடந்தது, மேலே தூசி வேறு. கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றிலும் பூ மட்டும் துல்லியம். பின்னால் பாறையெல்லாம் பச்சையும் சாம்பலுமாக மங்கலாகக் கரைந்து போயிருந்தது. அப்படி மங்கலாக்குவதற்குத்தான் அவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கியிருந்தேன். எந்தப் பூ எந்த இடுக்கில் பூத்தது என்று ஒரு படம்கூட எனக்குச் சொல்லவில்லை. போனிலும் இடத்தைக் குறித்து வைக்கவில்லை. இடம் வெளியே தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தோம்.

வெயிலில் நின்று அழுதுவிட்டேன். அப்போது என் கணவர் தன் போனை நீட்டினார். குப்புறப் படுத்துக் கிடக்கும் நான், எனக்குப் பின்னால் இரண்டாகப் பிளந்த ஒரு பாறை, அதன் ஓரமாக ஒரு கிளுவைப் புதர். சிரிப்புக்காக எடுத்த படம்.

நான்கு பேருமாக அந்தப் பிளந்த பாறையைத் தேடினோம். கிடைத்தது. பைக் டூல்பாக்ஸில் இருந்த ஸ்க்ரூடிரைவரால் என் கணவர் இடுக்கு மண்ணைக் கிளறக் கிளற, நான் விரலால் அள்ளினேன். சின்ன வெங்காயம் அளவில் ஒரு கிழங்கு வந்தது. ஒன்றே ஒன்று. மற்ற இடுக்குகளிலும் கிளறிப் பார்த்தோம். அதற்குள் கீழே மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டது. "போதும்க்கா, எறங்குங்க" என்றான் அந்தப் பையன். நாங்கள் பாதி வழி இறங்குவதற்குள் இயந்திரம் திரும்பவும் இடிக்க ஆரம்பித்தது. மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்த மற்றவை எங்கே இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே மண்ணில் கிழங்கை வைத்துப் பொதிந்து, பூங்காவுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். விஞ்ஞானி அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். அந்த வருஷ மழைக்கே துளிர்த்து, பூவும் பூத்தது. படம் அனுப்பினார். நான் வகுப்பு என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

நேரில் பார்க்கப் போனபோதுதான் அவர் மெதுவாகச் சொன்னார். இந்தச் செடிக்குத் தன் மகரந்தம் தனக்கே சேராதாம். இன்னொரு செடியின் பூ வேண்டும். மெல்லிய ஊசியால் அதன் மகரந்தத்தை அதற்கே அவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். பிஞ்சு பிடிக்கவில்லை. அடுத்த வருஷமும் பிடிக்கவில்லை. "இன்னொண்ணு கிடைச்சாப் போதும். ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அந்த ஒன்றுக்காக நாங்கள் ஏறாத கரடு இல்லை. சேவுகம்பட்டிப் பக்கம், வத்தலக்குண்டு பக்கம், நிலக்கோட்டை பக்கம் என்று ஒவ்வொரு ஐப்பசிக்கும் அலைகிறோம். போன மழைக்குத் தேடிவிட்டு வந்த ஒரு கரடு இந்த மழைக்குப் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும் கல்குவாரிப் பள்ளமாகக் கிடந்தது. ஆத்தூர்க் கரட்டிலும் இப்போது பள்ளம்தான். அங்கே வேலை முடிந்துவிட்டதால் அந்த அம்மாவின் மகன் மறுபடி திருப்பூருக்கே போய்விட்டான்.

போன மாதமும் பூங்காவுக்குப் போய்வந்தேன். தனிக் கூண்டுக்குள், தொட்டியில், நான்கு பூவோடு நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் துணையாக ஒன்று உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தெரியாமலே ஒவ்வொரு மழைக்கும் அது பூக்கிறது. ஓர் உயிரினத்தையே காப்பாற்றிவிட்டீர்களே என்று கேள்விப்படுகிறவர்கள் என்னைப் பாராட்டும்போதெல்லாம், அது தன் கடைசி நாட்களைக் கழிக்க ஓர் இடம் பிடித்துக் கொடுத்ததைத் தவிர நாங்கள் எதைச் செய்தோம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.