அம்மாவுக்குச் சூரியனைக் காட்டப் போனேன்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நேரம் அது. கல்லூரி நேர்முகத் தேர்வுக்காகச் சென்னை போயிருந்த நானும் அம்மாவும், கள்ளக்குறிச்சிக்குத் திரும்ப பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பகல் வீணாகிறதே என்று அம்மாவை ஓர் அறிவியல் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கிருந்த எல்லாவற்றையும் நானே விளக்கினேன். மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி இருந்தது.

“பொங்க வெச்சி கும்புடுறோமே, அந்தச் சூரியன இதுல பாக்கலாமாடி?” என்று அம்மா கேட்டாள்.

“ஏன், பாக்கலாமே” என்றேன்.

தொலைநோக்கியை அதுவரை நான் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அதைச் சொல்ல மனம் வரவில்லை. குழாயைச் சூரியன் பக்கம் திருப்பிவைத்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

ஊழியர் ஒருவர் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். என் கையிலிருந்த நுழைவுச் சீட்டை வாங்கி, அம்மா கண் வைக்க இருந்த இடத்தில் பிடித்தார். சீட்டு புகைந்து, ஓட்டை விழுந்தது.

“கண்ணே போயிருக்கும்மா” என்றார்.

நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்தவள் அம்மா. கீழே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு குனிஞ்சேன்” என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மருந்துச் சீட்டு, மனு, கடிதம் என்று எங்கள் தெருவில் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். தெரியாததைக் கேட்டால் இப்போது, “எனக்குத் தெரியலங்க, கேட்டுக்கினு வந்து சொல்றேன்” என்று சொல்லிவிடுகிறேன்.

“இவ்ளோ படிச்சிட்டு இதுகூடத் தெரியலியா?” என்று சிரிக்கிறவர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.