வாயால் அடித்த மனு

நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல். தமிழில், பிழை இல்லாமல், எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தபடியே. மூலக்குளம் பாக்கியலட்சுமியின் வேகம் அது. புதுச்சேரியில் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் மனு தட்டச்சுக்காரர்களில் அவரிடம்தான் காலையிலேயே ஆள் சேரும். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து இழுத்த ஒயர். அவருடைய அலுவலகம் அவ்வளவுதான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், ஜீவனாம்சம், பிரெஞ்சுப் படையில் இருந்ததற்காகப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளுக்கு முகவரிச் சான்றுக் கடிதம், எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பார்.

போன வருடம் சித்திரையில் அந்த வேகம் நின்றுபோனது. முதலில் வலது கை விரல்கள் மரத்தன. பிறகு தோசைக் கரண்டி கையில் நிற்காமல் நழுவியது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பட்டை கட்டிவிட்ட டாக்டர், "மூணு மாசம் கீபோர்டு பக்கமே போகாதீங்க. இல்லன்னா ஆபரேஷன்தான்," என்றார்.

"மூணு மாசம் நான் போகலன்னா அந்த எடத்துல வேற குடை மொளச்சிடும் சார்," என்றார் பாக்கியலட்சுமி.

அது உண்மை. சாலையோர இடத்துக்குப் பத்திரமா இருக்கிறது? உட்கார்ந்திருக்கும் வரைதான் அது அவருடையது.

வழி சொன்னவர் பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரர் இளஞ்செழியன். "யக்கா, செல்லுல மைக் படம் ஒண்ணு கீது பாரு. அத்தத் தொட்டுட்டுப் பேசு. அதுவே அடிச்சுக் குடுக்கும்."

"வாயாலயே அடிக்கிறதா? அது எங்க வூட்ல தெனம் நடக்குதே," என்றார் பாக்கியலட்சுமியின் கணவர் மதிவாணன். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரத்தில் வண்டி மனைவியின் குடைக்குப் பின்னால்தான் நிற்கும்.

முதல் நாள் முழுக்கச் சிரிப்பாகப் போனது. வில்லியனூர் விவசாயி ஒருவரின் வாய்க்கால் தகராறைப் பாக்கியலட்சுமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இளஞ்செழியன் டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஆகவே ஐயா அவர்கள் தயவுகூர்ந்து ரெண்டு டீ ஒண்ணு சக்கரை இல்லாம" என்று அழகாகத் திரையில் வந்து நின்றது. பஸ் ஹாரன் அடித்தால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். முற்றுப்புள்ளி எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. இடது கையால் தேடித் தேடி வைக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு வாரம் போனபின் கதை மாறியது. போனை வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் பிடிப்பது, எங்கே மூச்சு விடுவது, எந்த வேகத்தில் சொல்வது என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டன. பஸ் சத்தத்தைத் தாண்ட வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும் என்பதும் தெரிந்தது. அரை மணி நேர மனு பத்து நிமிடத்தில் முடிந்தது. திருத்துவதற்கு இன்னொரு பத்து. பாக்கியலட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தக் குடைவரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. வந்தவர் குனிந்து காதோடு சொல்வார். தட்டச்சு செய்பவர் வாய் திறக்காமல் அடிப்பார். அடித்து முடித்ததும் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுவார். படிக்கத் தெரியாதவராக இருந்தால் எழுந்து கூட்டிக்கொண்டு போய், வேப்பமரத்துக்குப் பின்னால் வைத்துப் படித்துக் காட்டுவார். பெஞ்சில் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும், ஒருவர் வீட்டுச் சங்கதி அடுத்தவருக்குப் போகாது. பாக்கியலட்சுமி தம் தொழிலில் ஒருநாளும் அதை மீறியதில்லை. புதுக் கருவி கிடைத்த குஷியில் அது அடியோடு மறந்துபோனது.

அங்கம்மாள் வந்தது அந்தக் குஷி நாட்களில்தான். வீராம்பட்டினத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பத்திலிருந்து தினமும் மீன் கூடையோடு டவுனுக்கு வருகிறவர். அறுபதைத் தாண்டிய வயது. விற்று முடித்த வெறும் கூடையை மேசை ஓரம் வைத்துவிட்டு, பாக்கியலட்சுமியின் காதருகே குனிந்தார். மகன் விமல்ராஜ் அவர் இருந்த அறையில் வலையும் படகு எஞ்சினும் போட்டுப் பூட்டிவிட்டான். அவர் சமையல் கொட்டகையில் படுக்கிறார். அறை திரும்ப வேண்டும்.

பாக்கியலட்சுமி போனை எடுத்தார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றிருந்தது. குரலை உயர்த்தினார். "எனது மகன் விமல்ராஜ் என்பவர் என்னை எனது அறையிலிருந்து வெளியேற்றி..."

இளஞ்செழியனின் பெஞ்சில் டீசல் மானிய விண்ணப்பத்துக்காக ஒருவர் காத்திருந்தார். பெயர் உத்திராபதி. அதே குப்பம்.

அன்று மனுவைச் சப்-கலெக்டர் ஆபீசில் கொடுக்கக்கூட இல்லை. ஆதார் நகல் கொண்டுவரவில்லை என்று அங்கம்மாள் நாளை வருவதாகப் போய்விட்டார். மறுநாள் கூடை இல்லாமல் வந்தார். வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஏம்மே, அது வாயா, கோயில் திருவிழா மைக்கா? ரகசியம்னு உன் காதுல சொன்னேன். நான் வூடு போயி சேர்றதுக்குள்ள எனக்கு முன்னாடி போயி ஊர்ல நிக்குது!"

பாக்கியலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. அங்கம்மாள் மூச்சு வாங்கியபடி சொன்னார். குப்பத்தில் வீட்டுச் சண்டை எதுவானாலும் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில்தான் வைக்க வேண்டும். அதைத் தாண்டி ஆபீசுக்கு மனு கொண்டுபோவது ஊரை மதிக்காத காரியம். ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் கூட்டம். பதில் சொல்ல அங்கம்மாளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பஞ்சாயத்துல சொல்லத்தான் இருந்தேன். மனுவ அடிச்சு மடியில வச்சிக்கிட்டுச் சொன்னா பையன் கொஞ்சம் பயப்படுவான்னு பாத்தேன். இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காத்திருந்த ஒரு பெண் மெல்ல எழுந்து, தன் காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்தபோதுதான் பாக்கியலட்சுமிக்கு உறைத்தது. கை போனால் மூன்று மாதத்தில் வந்துவிடும். இந்த மேசையில் சொன்னால் வெளியே போகாது என்ற பெயர் போனால் வராது.

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேன் யம்மா," என்றார்.

போனார்கள். மதிவாணன் ஆட்டோவைக் கோயிலுக்குத் தள்ளியே நிறுத்திவிட்டார். கூட்டத்தில் பாக்கியலட்சுமி எழுந்து நின்று, கட்டுப்போட்ட கையைக் கூப்ப முடியாமல், "மனு இன்னும் ஆபீசுக்குப் போகல ஐயா. இந்தம்மா காதுலதான் சொன்னாங்க. சத்தமாச் சொன்னது நானு. தப்பு என்னுது," என்றார்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குடுக்காத மனுவுக்கு எதுக்குப்பா கூட்டம் போட்டீங்க?" என்று தலைவர் கேட்டதும் சிரிப்பு எழுந்தது. "சரி, கூடியாச்சு. விமலு, அறைய ஏன்டா பூட்டுன? அதச் சொல்லு."

வெளியே வைத்தால் எஞ்சின் திருட்டுப் போகும் என்றார் விமல்ராஜ். "அப்ப எஞ்சினுக்குக் காவலா அம்மாவ அதுக்குள்ளயே படுக்க வையேன்," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னார். அடுத்த ஞாயிறுக்குள் அறையைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் அங்கம்மாள் ஆபீசுக்குப் போகலாம், ஊர் குறுக்கே நிற்காது என்று முடிவானது.

அடுத்த ஞாயிறும் போனது. அறை திறக்கவில்லை.

மறுநாள் அங்கம்மாள் வந்தபோது நல்ல மழை. குடைவரிசை முழுக்கப் பாலிதீன் விரிப்புக்குள் ஒடுங்கியிருந்தது. மதிவாணன் ஆட்டோவின் இரு பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டு, "உள்ள ஏறும்மா, நனையாத," என்றார். பாக்கியலட்சுமியும் லேப்டாப்பை முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு ஏறினார். மதிவாணன் டீக்கடைக்குப் போய்விட்டார். உள்ளே கதவடைத்த அறை மாதிரி இருந்தது. மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் போகாது.

"இந்தத் தபா உன் வாயால வேணாம்மே," என்றார் அங்கம்மாள்.

"என் வாயால இல்ல. நீங்களே சொல்லுங்க." பாக்கியலட்சுமி போனை அவர் பக்கம் நீட்டினார். அங்கம்மாள் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது யாருக்கும் போயி சொல்லாதா?"

பாக்கியலட்சுமி பொய் சொல்லவில்லை. "நாம பேசறது இதச் செஞ்ச கம்பெனிக்குப் போகும்னு சொல்றாங்க யம்மா."

அங்கம்மாள் யோசித்தார். "அவன் எங்க குப்பத்துக்காரனா?"

"இல்ல."

"அப்ப கேக்கட்டும்."

சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. காதோடு காதாகச் சொன்னபோது நான்கு வரியாக இருந்த சங்கதி, இப்போது இரண்டு பக்கம் வந்தது. புருஷன் செத்த வருஷம் கூடையைத் தூக்கியது, அந்த அறைக்கு ஓடு மாற்றியது, விமல்ராஜின் முதல் வலைக்குப் பணம் கொடுத்தது. பாக்கியலட்சுமி வாய் திறக்காமல் கேட்டார். பிறகு இடது கை விரல்களால் மெதுவாக, அந்தப் பேச்சை ஆபீஸ் தமிழுக்கு மாற்றி, திருத்தி, தேதியும் பெயரும் சரிபார்த்து, அங்கேயே மெல்லப் படித்துக் காட்டினார். முதல் முறை எழுதிய மனுவைவிட இது பலமான மனு என்று அவருக்கே தெரிந்தது.

மழை விட்ட பிறகும் அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. சவாரி இல்லாத நேரத்தில் திரை இறக்கிய ஆட்டோவில் உட்கார்ந்து ஆட்கள் தாங்களே சொல்கிறார்கள். வெளியில் கேட்டால் பாதகமில்லாத பகுதிகளை, அதாவது பெறுநர் முகவரி, சட்டப் பிரிவு, வழக்கமான வேண்டுகோள் ஆகியவற்றை, பாக்கியலட்சுமி குடைக்கடியில் வாயால் அடிக்கிறார். காகிதத்தை மடித்துக்கொண்டு போன பெண்ணும் திரும்பி வந்தார். கை தேறிவிட்டது; ஆனாலும் முழு நாளும் கீபோர்டு தட்டுவதில்லை.

"மெஷின் தேவலாமா, இல்லியா?" என்று இளஞ்செழியன் கேட்டால், "தேவலாம். ஆனா எங்க ஒக்காந்து பேசறோம்னு பாக்கணும்," என்கிறார். இளஞ்செழியன் இப்போது தம்முடைய ஆட்களையும் அந்த ஆட்டோவுக்கே அனுப்புகிறார். சவாரி வந்தால் இறங்கிவிட வேண்டும் என்பது மதிவாணனின் நிபந்தனை.

அங்கம்மாளின் மனு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாயும் மகனும் ஆபீசுக்கு நேரில் வர வேண்டும். அன்று பாக்கியலட்சுமி குடை விரிக்கப்போவதில்லை, அங்கம்மாளோடு போகிறார்.