ரொட் பகுதிக்குக் கதிரை வந்த கதை

"அண்ணை, உந்த ரொட்டைத் திருப்பி எடுப்பியளோ, இல்லாட்டி முறிச்சு எறிஞ்சுபோட்டுப் போகட்டோ?"

வசந்தி கடைக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இது. கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில் ரொட் பகுதி, அதாவது தூண்டில் தடிப் பகுதி, என் பொறுப்பில் இருந்த நேரம். பாஸ் மீன் சீசன் திறக்க ஒரு கிழமைதான் இருந்தது. இப்போது நான் ஓய்வு எடுத்துவிட்டேன். ஆனாலும் அங்கே புதிதாக நிற்கும் பிள்ளைகள், "அங்கிள், பிச்சிங்குக்கு எந்த ரொட் குடுக்கிறது?" என்று இன்னும் ஃபோன் எடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இதை வாசியுங்கள்.

ஆளுக்கொன்று, எல்லாம் ஒன்று

பிச்சிங் என்பது பலத்தைக் காட்டித் தூரத்துக்கு எறிவதல்ல. ஈயத்தலை போட்ட தூண்டிலை ஜிக் என்போம். அதை ஒரு கையில் பிடித்து, ரொட் நுனியைத் தாழ்த்தி, நுனி மேலே எழும்பும்போது ஜிக்கை விடவேண்டும். அது ஊஞ்சல்போல ஆடித் தண்ணீருக்குச் சற்று மேலாகப் போய், படகுத்துறைப் பலகைக்குக் கீழே சத்தமில்லாமல் இறங்கவேண்டும். சத்தம் கேட்டதோ, மீன் போய்விடும்.

எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் விட்பியில் வீடு வாங்கினால் மச்சான்மார் எல்லாரும் விட்பிக்குப் போவார்கள். ஒருவர் வாங்கிய வான் வண்டியைத்தான் மற்றவரும் வாங்குவார். ரொட்டுக்கும் அதே கதைதான். வசந்தியின் பக்கத்து வீட்டு ரகு, தன் ஏழரை அடி விறைப்பான ஹெவி ரொட்டைப் படம் எடுத்து மீன்பிடி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவ்வளவுதான். அவருடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு வந்தார்கள். வேறொன்றைக் கையில் எடுத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

ரகு ஆறடி மனுசன். தன் படகின் முன்தட்டில் நின்று எறிபவர். அவருக்கு அது அருமையான ரொட். அதையே வசந்திக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார், அன்பினால்தான். வசந்தியோ கட்டையானவர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். இடுப்பில் ஒப்பரேசன் செய்து, ஆடுகிற படகில் நிற்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சீற்றில் இருந்துகொண்டு எறிந்தால் அந்த நீளமான ரொட்டின் நுனி ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் அடித்தது.

"ரகு என்ன சொன்னவன் தெரியுமோ அண்ணை? 'அக்கா, இந்தமுறை நீங்கள் கரையில நில்லுங்கோ, நாங்கள் கொண்டுவாற மீனை வெட்டித் தாங்கோ' எண்டு! வின்ரர் முழுக்க சீசன் திறக்கிற உந்த ஒரு நாளை நினைச்சு நினைச்சுத்தான் பஸ் ஓடினனான். எனக்கு அந்த போட்டில இடம் வேணும்."

சொல்லிவிட்டு ரொட்டை மேசையில் போட்டார். எனக்கு ரகுமேல் பற்றிக்கொண்டு வந்தது.

பார்க்கிங் லொட்

பிச்சிங் ரொட் வாங்க வருபவரைக் கடைக்குப் பின்னால் பார்க்கிங் லொட்டுக்குக் கூட்டிப்போய், வெறும் கோப்பிக் கப் ஒன்றை வைத்து, கொக்கி இல்லாத ஜிக்கை அதற்குள் எறியவிடுவது எங்கள் கடை வழக்கம். வசந்தி கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நிண்டு எறிஞ்சு என்ன பிரயோசனம்? கதிரை ஒண்டு கொண்டுவாங்கோ."

சாப்பாட்டறைக் கதிரையைக் கொண்டுபோனேன். "போட் சீற் இதைவிடப் பதிவு, இவ்வளவு உயரம் இல்லை" என்றார். விற்க வைத்திருந்த மடிப்புக் கதிரையை எடுத்து வந்தேன். "லைஃப் ஜாக்கெட்?" அதுவும் வந்தது. வெயிலில், கார்களுக்கு நடுவில், லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ராணிமாதிரி இருந்தார்.

"பஸ்ஸில ஏறினால் முதல் சீற்றைச் சரிபண்ணுவன் அண்ணை. பிறகுதான் கண்ணாடி. மாறிச் செய்தால் எல்லாம் பிழைக்கும்."

அடேயப்பா! அத்தனை வருசம் ரொட் விற்ற எனக்கு இது மூளையில் ஓடவில்லையே என்று வெட்கமாகவும், அவரைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. மீன் எவ்வளவு பெரிது, பாசி எவ்வளவு அடர்த்தி என்றுதான் நாங்கள் கேட்போம். எறிகிற ஆள் எந்த உயரத்தில் இருந்து எறிகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழரை அடி ரொட் தார்த் தரையில் உரசியது. ஏழடி உரசவில்லை, ஆனால் அதன் நீண்ட பின்கைப்பிடி லைஃப் ஜாக்கெட்டில் கொழுவியது. பிறகு ஆறடி எட்டு அங்குலத்தில் ஒன்று எடுத்தேன். மீடியம் ஹெவி, நுனி மட்டும் வளைகிற ஃபாஸ்ட் அக்‌ஷன், பின்கைப்பிடி குட்டை. முதல் எறி கப்பைத் தாண்டியது. அடுத்தது விளிம்பில் பட்டது. அதற்கடுத்தது உள்ளே விழுந்தது.

எனக்கு ஒரு பயம் மிச்சம் இருந்தது. ரொட் குட்டையானால் இழுவை குறையும். "அல்லிக் கொடிக்குள்ள மீன் ஓடினால் இழுப்பியளோ?"

"நீங்கள் மீனாய் நில்லுங்கோ."

கையுறை போட்டு நூலைப் பிடித்தேன். ரொட்டை வெடுக்கென்று இழுத்து ஒரு வெட்டு வெட்டினார் பாருங்கள், நான் தள்ளாடி முன்னுக்கு வந்தேன், தொப்பி விழுந்தது.

"காணுமோ அண்ணை?"

"காணும், போதும்! ஆளை விடுங்கோ!"

ஸ்கூகொக் ஏரி

வசந்தியைப் படகில் ஏற்ற ரகு அரை மனதோடுதான் சம்மதித்தார். "நீங்களும் வாங்கோ அண்ணை. சரிவராட்டி அக்காவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போறது உங்கட பொறுப்பு" என்றார். சீசன் திறந்த அன்று காலை மூன்று பேரும் படகில் போனோம்.

ஒரு பழைய படகுத்துறைக்குப் பக்கத்தில் வசந்தி இருந்தபடியே எறிந்தார். ஜிக் பலகைக்குக் கீழே போனது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. நூல் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. வெட்டினார். மீன் அல்லிக்குள் பாய்ந்தது. அவர் ரொட்டை உயர்த்தவில்லை, பக்கவாட்டில் சரித்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். இலையும் கொடியுமாக ஒரு கொழுத்த பாஸ் படகோரம் வந்தது. "ஐயோ அக்கா!" என்று ரகு வலையோடு ஓடிவந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிறகு காற்று எழும்பியது. படகு ஆடிய ஆட்டத்தில் ரகுவும் இருக்கவேண்டி வந்தது. இருந்துகொண்டு எறிந்தார். ஏழரை அடி ரொட் தண்ணீரில் சளார் என்று அடித்தது. மறுபடி எறிந்தார், மறுபடி சளார்.

வசந்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "ரகு, நீர் கரையில நிண்டு மீன் வெட்டுறீரோ?"

ரகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அக்கா, உதை ஒருக்காத் தாங்கோவன்" என்று கையை நீட்டினார்.

"தரமாட்டன். கடை இருக்கு, கதிரையும் இருக்கு. போய் இருந்து பாத்து வாங்கும்."

திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டு அந்த மடிப்புக் கதிரையை ரொட் பகுதியிலேயே போட்டேன். பிள்ளைகளே, பிச்சிங் ரொட் கேட்டு யார் வந்தாலும் அடியும் அங்குலமும் பேசமுதல், "நிண்டு எறியிறனீங்களோ, இருந்து எறியிறனீங்களோ?" என்று கேளுங்கள். இருந்து என்றால் இந்தக் கதிரையில் இருத்துங்கள்.

அந்தக் கதிரையில் முதலில் வந்து இருந்தவர் ரகு. படம் காட்ட ஃபோனை வெளியே எடுக்கவே இல்லை.